நெடுவரிசையின் அகலம் யார் கையில்? ஷெல் ஸ்கிரிப்டில் எண்களை நேராக நிறுத்தும் வழிகள்: ஓர் ஆய்வு

ஷெல் ஸ்கிரிப்ட் ஒன்று எண்களை அச்சிடும்போது, ஒன்றாம் இலக்கத்தின் கீழ் ஒன்றாம் இலக்கமும் பத்தாம் இலக்கத்தின் கீழ் பத்தாம் இலக்கமும் நிற்க வேண்டும் என்பது மிகச் சாதாரணமான எதிர்பார்ப்பு. ஆனால் அதை நிறைவேற்ற யூனிக்ஸ் உலகில் ஒன்றுக்கொன்று உடன்படாத பல வழிகள் உள்ளன. புலத்தின் அகலத்தை முன்கூட்டியே எழுதிவிடச் சொல்வோர் உண்டு. எல்லா வரிகளும் வந்து சேர்ந்தபின் அளந்து பார்க்கச் சொல்வோர் உண்டு. கடைசிக் கட்டம் வரை ஒழுங்கமைக்கவே கூடாது என்போரும் உண்டு. கருவிகளின் பட்டியலாக மட்டும் பார்த்தால் இந்த வேறுபாடு விளங்காது.

இந்த விடைகளை ஒரே கேள்வியின் கீழ் வைத்துப் பார்க்கலாம். நேராக நிற்பது தனி எண்ணின் இயல்பு அன்று. முழு நெடுவரிசையின் இயல்பு. 7 என்ற எண்ணுக்கு முன்னால் எத்தனை இடைவெளி விட வேண்டும் என்பதை அதே நெடுவரிசையில் உள்ள மிக நீண்ட எண்தான் தீர்மானிக்கிறது. அந்த நீண்ட எண் இன்னும் வந்திராமல் இருக்கலாம். ஆகவே அகலத்தை அறிந்தவர் யார், எப்போது அறிகிறார் என்பதே ஒவ்வொரு வழிமுறையையும் மற்றதிலிருந்து பிரிக்கிறது. இக்கட்டுரை அந்த அடிப்படையில் முதன்மையான நிலைப்பாடுகளையும் அவற்றின் தோற்றத்தையும் குறைகளையும் தொகுத்துப் பார்க்கிறது.

அட்டையில் தொடங்கிய அகலம்

கணினித் திரைக்கு முன்பே நெடுவரிசை அட்டையில் இருந்தது. ஐபிஎம் நிறுவனம் 1928இல் அறிமுகப்படுத்திய துளையட்டையில் 80 நெடுவரிசைகள் இருந்தன. எந்தத் தகவல் எத்தனையாவது நெடுவரிசையில் தொடங்கி எங்கே முடிகிறது என்பதை அட்டையை வடிவமைத்தவர் முதலிலேயே முடிவு செய்தார். துளையிடுபவருக்கு அதில் மாற்றம் செய்ய வழியில்லை. பின்னாளில் பல டெர்மினல்கள் 80 எழுத்து அகலத்தையே ஏற்றுக்கொண்டதில் இந்த அட்டையின் தாக்கம் உண்டு என்பது பொதுவான கருத்து.

1957இல் ஐபிஎம் 704 கணினிக்காக வெளிவந்த ஃபோர்ட்ரான் மொழி இந்தப் பழக்கத்தை நிரலுக்குள் கொண்டுவந்தது. அதன் ஃபார்மட் கூற்றில், முழு எண்ணுக்கு எத்தனை இடம், தசமத்துக்குப் பின் எத்தனை இலக்கம் என்று எழுதிவிடலாம். கோபோல் மொழியின் பிக்சர் விதி இன்னும் வெளிப்படையானது: அச்சில் எண் எப்படித் தோன்ற வேண்டுமோ அதன் மாதிரியையே எழுத்துகளால் வரைந்து காட்டச் சொன்னது. அகலத்தை நிரல் எழுதுபவரே அறிவிக்க வேண்டும் என்ற கொள்கை இவ்விரு மொழிகளில் வேரூன்றி, சி மொழியின் பிரிண்ட்எஃப் வழியாக ஷெல்லுக்கு வந்தது.

முதல் நிலைப்பாடு: அகலத்தை முன்கூட்டியே அறிவிப்பது

ஷெல்லில் தனிக் கட்டளையாக பிரிண்ட்எஃப் 1990இல் வெளியான 4.3 பிஎஸ்டி ரெனோவில் இடம்பெற்றது. 1992இன் போசிக்ஸ் ஷெல் தரத்திலும் சேர்ந்தது. சதவீதக் குறி, 6 என்ற எண், டி என்ற எழுத்து ஆகிய மூன்றையும் சேர்த்து எழுதினால், எண் ஆறு இடமுள்ள புலத்தில் வலப்பக்கம் ஒட்டி நிற்கும். 6க்கு முன் கழித்தல் குறி சேர்த்தால் இடப்பக்கம் ஒட்டும். சுழியம் சேர்த்தால் காலி இடங்களைச் சுழியங்கள் நிரப்பும். தசம எண்களுக்கு எல்லா வரியிலும் ஒரே அளவு தசம இலக்கத்தை விதித்துவிட்டால், வலப்பக்கம் ஒட்டுவதிலேயே புள்ளிகளும் தாமாக நேராகிவிடும்.

ஷெல்லின் பிரிண்ட்எஃபுக்கு சி மொழியில் இல்லாத ஒரு பண்பு உண்டு. தரப்பட்ட மதிப்புகள் வடிவத்தில் உள்ள இடங்களைவிட அதிகமாக இருந்தால், வடிவத்தை மீண்டும் மீண்டும் பயன்படுத்தும். மூன்று புலங்களும் ஒரு வரிமுறிப்பும் கொண்ட வடிவத்துக்கு ‘செக்’ கட்டளை தரும் 1 முதல் 30 வரையான எண்களைக் கொடுத்தால், சுழற்சி எதுவும் எழுதாமலே பத்து வரி, மூன்று நெடுவரிசை கொண்ட அட்டவணை கிடைக்கும். எளிய தேவைகளுக்கு இதைவிடச் சுருக்கமான வழி அரிது.

குறைகளில் முதன்மையானது, எண் புலத்தை மீறும்போது என்ன செய்வது என்பது. இதற்கு மூன்று மொழிகள் மூன்று விதமாக விடை சொல்லியுள்ளன. 1978இல் வெளியான ஃபோர்ட்ரான் 77 தரத்தின்படி, இடம் போதாவிட்டால் எண்ணுக்குப் பதில் புலம் முழுவதும் நட்சத்திரக் குறிகள் அச்சாகும். கோபோலில் சிறிய புலத்துக்குப் பெரிய எண்ணை நகர்த்தினால், இடப்பக்க உயர் இலக்கங்கள் சத்தமில்லாமல் வெட்டப்படும். சி மொழியும் ஷெல்லும் எண்ணை முழுமையாக அச்சிட்டு, நெடுவரிசையை வலப்பக்கம் வழிய விடுகின்றன. முதலாவது வடிவத்தைக் காத்து எண்ணை மறைக்கிறது. இரண்டாவது வடிவத்தைக் காத்து எண்ணைப் பொய்யாக்குகிறது. மூன்றாவது எண்ணைக் காத்து வடிவத்தைக் கைவிடுகிறது. மூன்றில் ஷெல்லின் தேர்வே ஆபத்துக் குறைந்தது எனலாம். ஆயினும் வடிவம் குலையும் என்பது அதன் நிரந்தர விலை.

இந்த விலையை நடைமுறையில் காணலாம். லினக்ஸ் கர்னல் தரும் நினைவகக் கணக்குக் கோப்பான ‘மெம்இன்ஃபோ’வில் எண்கள் எட்டு இலக்க அகலத்தில் அச்சாகின்றன. அலகு கிலோபைட் என்பதால், சுமார் 95 ஜிபி வரை வரிகள் நேராக நிற்கும். அதற்கு மேல் நினைவகம் உள்ள கணினியில் ஒன்பதாம் இலக்கம் வந்து, அந்த வரி மட்டும் ஓரிடம் தள்ளிப் போகும். ‘விஎம்ஸ்டாட்’ கட்டளைக்கும் இதே சிக்கல் வந்தது. நினைவகம் பெரிதான கணினிகளுக்காகவே அதில் அகல வெளியீட்டுத் தெரிவு ஒன்று சேர்க்கப்பட்டது. அகலத்தை முடிவு செய்தவர் தம் காலத்து எண்களைத்தான் பார்த்திருந்தார்.

வேறு இரு குறைகள் ஷெல்லுக்கே உரியவை. மதிப்புகள் தீர்ந்துபோய் எண்புலம் மிஞ்சினால் பிரிண்ட்எஃப் அங்கே 0 என்று அச்சிடும். ஆகவே கடைசி வரியில் தரவு இல்லாத இடமும் உண்மையான சுழியமும் ஒன்றுபோலத் தெரியும். அடுத்தது முன்சுழியம். ‘செக்’ கட்டளையில் சம அகலத் தெரிவைக் கொடுத்தால் 08, 09 என்று அழகாக வரும். ஆனால் அவற்றை மீண்டும் பிரிண்ட்எஃபின் முழு எண் புலத்துக்கு அனுப்பினால், சுழியத்தில் தொடங்குவதை எண்ம எண் என்று கொண்டு, 8உம் 9உம் அதில் செல்லாது என்று பாஷ் பிழை காட்டும். பார்வைக்காகச் சேர்த்த சுழியம் மதிப்பை மாற்றுகிறது. தோற்றமும் தரவும் கலப்பதன் ஆபத்து இங்கே முதன்முதலாகத் தலைகாட்டுகிறது.

இரண்டாம் நிலைப்பாடு: பார்க்கும் கருவியிடம் விடுவது

தட்டச்சுப் பொறியின் டேப் விசை அட்டவணைகளை அடிக்கவே வந்தது. ஆஸ்கி தரத்தில் அது 9ஆம் எண் எழுத்தாக இடம்பெற்றது. 1978இல் வந்த விடி100 உள்ளிட்ட டெர்மினல்களில் எட்டு எழுத்துக்கு ஒரு நிறுத்தம் என்பதே இயல்பான அமைப்பு. எண்களுக்கு இடையே டேப் மட்டும் வைத்துவிட்டால், அகலத்தைப் பற்றிய கவலை ஸ்கிரிப்டிலிருந்து டெர்மினலுக்கு மாறிவிடுகிறது. இதன் எளிமைதான் இன்றும் பல ஸ்கிரிப்டுகளில் இதை நீடிக்க வைக்கிறது.

எண்களுக்கு இது பொருந்தாத வழி என்று சொல்வதற்கு வலுவான காரணங்கள் உள்ளன. டேப் எல்லாவற்றையும் இடப்பக்கம் ஒட்டியே தொடங்குகிறது. 7உம் 1200உம் ஒரே இடத்தில் தொடங்குவதால், 7 ஆயிரத்தாம் இலக்கத்தின் கீழ் நிற்கும். கண்ணால் ஒப்பிடுபவருக்கு இது தவறான செய்தி. எட்டு இலக்கத்தை எட்டிய எண் அடுத்த நிறுத்தத்துக்குத் தாவி, அதற்குப் பின்னுள்ள நெடுவரிசைகளையும் இழுத்துச் செல்லும். நிறுத்தங்களை நான்காக மாற்றி வைத்திருப்பவரின் திரையில் அதே கோப்பு வேறு வடிவில் தெரியும். ‘எக்ஸ்பாண்ட்’ கட்டளை டேப்களை இடைவெளிகளாக மாற்றித் தந்தாலும், வலப்பக்கம் ஒட்டாத குறையை அது தீர்ப்பதில்லை.

2006இல் நிக் கிராவ்கார்ட் முன்வைத்த ‘நெகிழும் டேப் நிறுத்தம்’ என்ற யோசனை இந்த நிலைப்பாட்டைக் காப்பாற்ற முயன்றது. நிறுத்தம் எங்கே என்பதை நிலையான எண்ணாக வைக்காமல், அடுத்தடுத்த வரிகளில் உள்ள உரையின் அகலத்திலிருந்து கணக்கிட வேண்டும் என்பதே அதன் சாரம். கோ மொழியின் ‘டேப்ரைட்டர்’ தொகுப்பு இந்த முறையைக் கையாள்கிறது. வலப்பக்கம் ஒட்டும் தெரிவும் அதில் உண்டு. ஆனால் டெர்மினல்களில் இந்த யோசனை பரவலாக வேர்கொள்ளவில்லை. தவிர, உரையை அளந்தபின் நிறுத்தம் வைப்பது என்று வந்துவிட்டாலே, அது அடுத்துப் பார்க்கவிருக்கும் நிலைப்பாட்டுக்குள் நுழைந்துவிடுகிறது.

மூன்றாம் நிலைப்பாடு: எல்லாம் வந்தபின் அளப்பது

அகலத்தை ஊகிப்பதைவிட அளப்பது மேல் என்பது இந்த அணியின் வாதம். நெடுவரிசை என்பதற்கான ஆங்கிலச் சொல்லையே பெயராகக் கொண்ட ‘காலம்’ கட்டளை, பிரிண்ட்எஃபைப் போலவே 4.3 பிஎஸ்டி ரெனோவில் தோன்றியது. அட்டவணைத் தெரிவோடு அதை இயக்கினால், உள்ளீடு முழுவதையும் படித்து, ஒவ்வொரு நெடுவரிசையிலும் மிக நீண்ட உறுப்பைக் கண்டு, அதற்கேற்ப இடைவெளி விடும். ஸ்கிரிப்ட் எழுதுபவர் எந்த அகலத்தையும் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் எண்களுக்கு அது நெடுங்காலம் அரைகுறை விடையாகவே இருந்தது. மரபான ‘காலம்’ இடப்பக்கம் மட்டுமே ஒட்டும். லினக்ஸின் யூட்டில்-லினக்ஸ் தொகுப்பில் 2017ஆம் ஆண்டின் 2.30 பதிப்பில் இக்கட்டளை புதிதாக எழுதப்பட்ட பிறகே, குறிப்பிட்ட நெடுவரிசைகளை வலப்பக்கம் ஒட்டும் தெரிவு வந்தது. மேக் கணினியிலும் ஃப்ரீபிஎஸ்டியிலும் உள்ள வடிவம் வேறு என்பதால், இத்தெரிவை நம்பும் ஸ்கிரிப்ட் எல்லா இடத்திலும் ஓடாது. வெற்றிடமே பிரிப்பானாக உள்ளபோது காலிக் கட்டம் மறைந்து, அடுத்த எண் இடப்பக்கம் நகர்ந்துவிடும் என்பது மற்றொரு குறை. பிரிண்ட்எஃப் காலியை 0 ஆக்குகிறது என்றால், ‘காலம்’ அதை இல்லாமலே ஆக்குகிறது.

ஆஹோ, வைன்பெர்கர், கெர்னிகன் ஆகியோர் 1977இல் பெல் ஆய்வகத்தில் உருவாக்கிய ஆக் மொழி இதே வேலைக்கு இன்னும் பழைய, இன்னும் இடம்பெயரத்தக்க வழி. வரிகளை அணியில் சேர்த்துக்கொண்டே ஒவ்வொரு நெடுவரிசையின் பெரும நீளத்தையும் குறித்துவைத்து, இறுதிப் பகுதியில் அந்த நீளங்களைக் கொண்டு பிரிண்ட்எஃபை அழைப்பது வழக்கமான உத்தி. கோப்பாக இருந்தால் இருமுறை படித்து நினைவகத்தை மிச்சப்படுத்தலாம். பைப் வழியே வரும் தரவை இருமுறை படிக்க முடியாது. வலம், இடம், காலிக் கட்டம் எல்லாம் எழுதுபவரின் கட்டுப்பாட்டில் இருக்கும் என்பது இதன் பலம். ஒவ்வொரு ஸ்கிரிப்டிலும் இருபது வரியாவது கூடும் என்பது பலவீனம்.

தசம இலக்கங்கள் வரிக்கு வரி மாறும்போது புள்ளியை மட்டும் நேராக்குவது தனிச் சிக்கல். இதற்கு நேரடியான விடையை பெல் ஆய்வகத்தில் மைக் லெஸ்க் 1970களில் எழுதிய ‘டிபிஎல்’ நிரல் தந்தது: எண்வகை நெடுவரிசை என்று அறிவித்தால் அது புள்ளிகளைப் பொருத்தித் தரும். ஆனால் அது அச்சுக்கோர்ப்புக்கான கருவி. நாள்தோறும் ஓடும் ஸ்கிரிப்டுகளில் அதைக் கையாள்வோர் குறைவு. ஷெல்லின் மற்றப் பொதுக் கருவிகள் இந்த வசதியைத் தரவில்லை.

இந்த அணி முழுவதற்கும் பொதுவான எல்லை ஒன்று உண்டு. கடைசி வரி வரும்வரை முதல் வரியை அச்சிட முடியாது. முடிவே இல்லாத ஓடை, எடுத்துக்காட்டாக நொடிக்கொரு வரி தரும் கண்காணிப்பு நிரலின் வெளியீடு, இவ்வழியில் திரைக்கே வராது.

குறுக்காகவா, கீழாகவா

ஒரே பட்டியலில் உள்ள எண்களைப் பல நெடுவரிசைகளாக மடிக்கும்போது இன்னொரு கருத்து வேறுபாடு எழுகிறது. பிரிண்ட்எஃப் வடிவத்தைத் திரும்பப் பயன்படுத்தும் முறையில் எண்கள் குறுக்காக நிரம்பும்: 1, 2, 3 முதல் வரியில் வரும். 1971ஆம் ஆண்டின் முதல் யூனிக்ஸ் கையேட்டிலேயே உள்ள ‘பிஆர்’ கட்டளையும், ‘காலம்’ கட்டளையின் இயல்பான முறையும் கீழாக நிரப்பும்: முதல் நெடுவரிசை முடிந்தபின்தான் இரண்டாவது. இரண்டிலும் திசையை மாற்றும் தெரிவு உண்டு.

தேடிப் பார்க்க வேண்டிய நீண்ட பட்டியலுக்குக் கீழ்நோக்கு வசதி. ஒவ்வொரு வரியும் ஒரு பதிவாக இருந்தால் குறுக்கு மட்டுமே பொருளுடையது. கீழாக நிரப்ப மொத்த எண்ணிக்கை தெரிய வேண்டும் என்பதால், அதுவும் முழுவதையும், ‘பிஆர்’ என்றால் ஒரு பக்கத்துக்கு உரியதையாவது, முதலில் படித்தாக வேண்டிய முறைதான். ‘பிஆர்’ கட்டளையில் கூடுதல் கவனம் தேவை: 66 வரிப் பக்கம், 72 எழுத்து அகலம் என்ற காகிதக் கால அளவுகள் அதில் இன்னும் இயல்பாக உள்ளன; பல நெடுவரிசை முறையில் இடம் போதாத உறுப்பை அது வெட்டிவிடும். எண்ணை வெட்டுவது என்ற கோபோலின் குறை இங்கே வேறு வடிவில் திரும்புகிறது.

நான்காம் நிலைப்பாடு: கடைசிக் கட்டம் வரை ஒழுங்கமைக்காதிருப்பது

யூனிக்ஸ் பைப்பில் ஒரு நிரலின் வெளியீடு அடுத்த நிரலின் உள்ளீடு. அப்படியிருக்க, மனிதக் கண்ணுக்காகச் சேர்த்த இடைவெளி அடுத்த நிரலுக்குத் தொல்லை என்பது இந்த அணியின் வாதம். அதற்கு நல்ல சான்று ‘டபிள்யூசி’ கட்டளை. வரிகளை மட்டும் எண்ணச் சொல்லி பைப்பில் வைத்தால், ஜிஎன்யூ வடிவம் எண்ணை மட்டும் தரும். பிஎஸ்டி வழிவந்த மேக் வடிவம் எண்ணுக்கு முன் இடைவெளிகளையும் சேர்த்துத் தரும். விடையைச் சரமாக ஒப்பிடும் ஸ்கிரிப்ட் ஓரிடத்தில் ஓடி மற்றோரிடத்தில் தவறுவதற்கு இந்த இடைவெளிகளே காரணமாகின்றன.

2006இல் வெளியான பவர்ஷெல் இந்த வாதத்தை அதன் எல்லைக்கே கொண்டுசென்றது. அங்கே பைப்பில் செல்வது உரை அன்று, பொருள்கள். அட்டவணையாக்கும் கட்டளை இறுதியில் மட்டும் வருகிறது. எண்வகைப் பண்புகளை அது தானாகவே வலப்பக்கம் ஒட்டுகிறது. ஒருமுறை அட்டவணையாக்கியபின் அந்த வெளியீடு தரவாகப் பயன்படாது என்பதும் அதன் வடிவமைப்பிலேயே உள்ளது. யூனிக்ஸ் பக்கத்திலும், புதிய ‘காலம்’ கட்டளை அட்டவணையோடு ஜேசன் வடிவத்தையும் தருவது இதே திசையிலான நகர்வு எனலாம்.

இதற்கு எதிர்வாதமும் உண்டு. மரபான ஷெல்லில் எண்ணுக்கும் சரத்துக்கும் வேறுபாடு தெரியாது. 42 போன்ற ஒன்றை வலப்பக்கம் ஒட்ட வேண்டும் என்று கருவி தானே அறிய வழியில்லை. மேலும், இடையில் நின்று பார்க்கும்போதே படிக்கத்தக்கதாக இருப்பதுதான் உரைவழிப் பைப்பின் பெரிய வசதி என்று கருதுவோர், அதை விட்டுக்கொடுக்கத் தயங்குகிறார்கள்.

அகலம் என்றால் எந்த அளவு?

மேற்கண்ட நிலைப்பாடுகள் அனைத்தும் ஓர் எழுத்துக்கு ஓரிடம் என்று நம்புகின்றன. 0 முதல் 9 வரையான இலக்கங்களுக்கு அது உண்மை. தலைப்பு தமிழில் இருந்தால் உண்மையில்லை. ‘தமிழ்’ என்ற சொல் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் 15 பைட்டுகள், 5 யூனிகோடு குறிகள், படிப்பவருக்கு 3 எழுத்துகள். போசிக்ஸ் தரம் பிரிண்ட்எஃபின் அகலத்தை பைட்டுகளில் அளக்கிறது. பாஷும் அவ்வாறே செய்துவந்துள்ளது. எனவே 10 இடமுள்ள புலத்தில் இச்சொல்லை வைத்தால், ஏற்கெனவே 15 ஆகிவிட்டது என்று கருதி ஓர் இடைவெளியும் விடாது. ஜிஎன்யூ ஆக் யூனிகோடு குறிகளை எண்ணும். இரண்டுமே திரையில் நேராக நிற்காது.

திரை அகலத்தை அளக்க ‘டபிள்யூசிவிட்த்’ என்ற சார்பு உண்டு; மார்கஸ் குன் எழுதிய வடிவம் அதன் பரவலான முன்மாதிரி. யூனிகோடு தரத்தின் வகைப்பாட்டை அது பின்பற்றுவதால் தமிழுக்கு விசித்திரமான முடிவுகள் வருகின்றன. ஈகார விசிறியும் புள்ளியும் இடம் கொள்ளாத குறிகள் என்ற வகையில் உள்ளன. இகர விசிறி இடம் கொள்ளும் குறி என்ற வகையில் உள்ளது. ஆகவே ‘கீ’ ஓரிடம், ‘கி’ ஈரிடம் என்று கணக்காகும். ‘தமிழ்’ நான்கு இடமாகும். எழுத்துரு வரையும் அகலம் இதோடு பொருந்த வேண்டிய கட்டாயமும் இல்லை.

இலக்கங்களுக்குள்ளும் இடப்பிரச்சினை முற்றிலும் தீர்ந்துவிடவில்லை. ஆயிரப் பிரிப்புக் குறியைச் சேர்த்தால் 12345678 என்பது அமெரிக்க லோகேலில் 12,345,678 என்று பத்து இடமும், இந்திய ஆங்கில லோகேலில் 1,23,45,678 என்று பதினோரிடமும் கொள்ளும். தசமத்துக்குக் காற்புள்ளி இடும் ஜெர்மன் லோகேலில் 3.14 என்ற உள்ளீட்டையே பாஷின் பிரிண்ட்எஃப் செல்லாத எண் என்கிறது. சர்வர்களில் ஓடும் ஸ்கிரிப்டுகள் லோகேலை சி என்று நிலைநிறுத்திக்கொள்வது இதனால்தான்.

தொகுத்துப் பார்க்கையில்

இந்த நிலைப்பாடுகளில் எதுவும் மற்றவற்றை முழுமையாக வீழ்த்தவில்லை. ஒவ்வொன்றும் அகலத்தைப் பற்றிய ஓர் ஊகத்தின் மீது நிற்கிறது. எண்களின் உச்ச வரம்பு உறுதியாகத் தெரிந்த இடத்தில், சதவீதம், நாள், மதிப்பெண் போன்றவற்றில், பிரிண்ட்எஃபுக்கு மேல் எதுவும் தேவைப்படுவதில்லை. வரம்பு தெரியாமல், ஆனால் தரவு முடிவுள்ளதாக இருந்தால், ஆக் வழியே அளந்து அச்சிடுவது நம்பகமானது. லினக்ஸ் கணினிகளில் மட்டும் ஓடும் என்றால் புதிய ‘காலம்’ போதும். வேறொரு நிரல் படிக்கப்போகும் எண்களை ஒழுங்கமைக்காமல் விடுவதே நல்லது. டேப்பைப் பிரிப்பானாக வைத்துக்கொள்ளலாம். ஒழுங்கமைக்கும் கருவியாக நம்பக் கூடாது என்பதில் மட்டும் கருத்தொற்றுமை வளர்ந்துவருவதாகத் தோன்றுகிறது.

தீராத கேள்விகள் மூன்று. முடிவில்லாத ஓடைக்கு, அகலத்தை ஊகித்துத் தொடங்கி, மீறும்போது தலைப்போடு மறுபடி அமைப்பதைத் தவிர நல்ல வழி இன்னும் இல்லை. காலிக் கட்டத்தையும் சுழியத்தையும் வேறுபடுத்திக் காட்டும் பொறுப்பு இன்னமும் ஸ்கிரிப்ட் எழுதுபவரிடமே உள்ளது. தமிழ் போன்ற எழுத்துமுறைகளின் திரை அகலத்தில் ஷெல், நூலகம், டெர்மினல், எழுத்துரு ஆகிய நான்கும் உடன்பட்டாக வேண்டும்; அந்த உடன்பாடு ஏற்படும்வரை, தமிழ்த் தலைப்பை எண்களுக்கு மேலே வைக்காமல் வரியின் கடைசி நெடுவரிசையிலோ தனி வரியிலோ வைப்பதே பாதுகாப்பான தீர்வு.